தாலி கழுத்தில் இருக்கிறது. பெயர் எந்தத் தாளில் இருக்கிறது?

(ஈப்போவில் நடந்த குடும்பச் சந்திப்பு ஒன்றில் ஒரு சகோதரி ஆற்றிய உரை. வாசகர்களுக்காக எழுத்து வடிவில் தருகிறோம். அவர் கேட்டுக்கொண்டபடி பெயரை வெளியிடவில்லை.)



நான் மேடையில் பேசிப் பழகியவள் இல்லை. முறுக்கு பிழிந்து விற்கிறவள். எண்ணெய்ச் சட்டி முன்னால் நடுங்காத கை, மைக் பிடித்தால் நடுங்குகிறது. தவறாக ஏதாவது சொன்னால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

"உரிமையைப் பற்றிப் பேசுங்கள் அக்கா" என்று என்னைக் கூப்பிட்டார்கள். உரிமை என்றதும் நமக்கு ஞாபகம் வருவது தமிழ்ப்பள்ளி, கோயில் நிலம், தோட்டத்து வீடு, நீல ஐசி. இதெல்லாம் நாம் வெளியே போய்க் கேட்கிற உரிமை. நம் வீட்டுக்குள்ளேயே நம் பெண்களுக்குக் கொடுக்காமல் வைத்திருக்கிற உரிமை ஒன்று இருக்கிறது. கட்டிய மனைவி இருக்கும்போதே இன்னொருத்திக்குத் தாலி கட்டுகிறார்களே, அதைச் சகித்துக்கொண்டு கிடக்காமல் வெளியே வந்து சொந்தக் காலில் நிற்கும் உரிமை. இன்று அதைத்தான் பேசப் போகிறேன்.

பாட்டி காலத்துச் சட்டம் வேறு

நான் சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். என் தாத்தாவுக்கு இரண்டு மனைவி. ஒரே லயத்தில் அடுத்தடுத்த வீடு. பெரிய பாட்டி பால் வெட்டப் போவார், சின்னப் பாட்டி பிள்ளைகளைப் பார்ப்பார். சம்பள நாளில் இரண்டு பேர் கூலியும் தாத்தா கைக்குப் போகும். வெளியில் பார்த்தால் சண்டை சச்சரவு இல்லாத குடும்பம். பெரிய பாட்டி சாகும்வரை சின்னப் பாட்டி வீட்டு வாசலை மிதிக்கவில்லை என்பது எங்களுக்கு மட்டும்தான் தெரியும்.

அந்தக் காலத்தில் அது சட்டத்துக்கு விரோதம் இல்லை. இந்து வழக்கப்படி ஓர் ஆண் ஒன்றுக்கு மேல் கட்டலாம் என்பதை அன்றைய சட்டம் ஏற்றுக்கொண்டிருந்தது. பிறகு 1976-இல் திருமண மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம் வந்தது. அது அமலுக்கு வந்த நாள் 1982 மார்ச் 1. அந்தத் தேதியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தத் தேதிக்கு முன்பு வழக்கப்படி நடந்த திருமணங்களைச் சட்டம் செல்லும் என்றே ஏற்றுக்கொண்டது. அந்தத் தேதிக்குப் பிறகு முஸ்லிம் அல்லாத நம் போன்றவர்களுக்கு ஒருவனுக்கு ஒருத்திதான். முதல் திருமணம் நிலுவையில் இருக்கும்போது செய்கிற இரண்டாவது திருமணம் செல்லாது. செல்லாது என்பது மட்டும் இல்லை, அது குற்றம். தண்டனைச் சட்டம் 494-வது பிரிவின்படி ஏழு ஆண்டுவரை சிறையும் அபராதமும் உண்டு.

சட்டம் வந்து நாற்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஆனால் நம் வீடுகளில் இன்னும் தாத்தா காலத்துச் சட்டம்தான் ஓடுகிறது. "ஆம்பளைன்னா அப்படி இப்படித்தான் இருப்பான்" என்கிறோம். "பெரிய வீடு, சின்ன வீடு" என்று சினிமா பார்த்துச் சிரிக்கிறோம்.

ஓர் அடகுச் சீட்டு

எனக்கு 1994-இல் கல்யாணம். வீட்டுக்காரர் லோரி ஓட்டுநர். எனக்குப் பாடம் சொல்லிக் கொடுத்த தமிழ்ப்பள்ளி ஆசிரியர் அப்பாவிடம் வந்து, "தாலி கட்டினால் போதாது, ரிஜிஸ்தர் செய்" என்று விடாப்பிடியாக நின்றார். அவர் சொன்னதால் பதிந்தோம். அந்த ஒரு தாள் பிற்காலத்தில் என்னைக் காப்பாற்றப் போகிறது என்று அன்று எனக்குத் தெரியாது.

2002-இல் ஒரு நாள் அவர் சட்டையைத் துவைக்கும்போது பையில் அடகுச் சீட்டு இருந்தது. என் தாலிக்கொடி. "லோரி ரிப்பேருக்குப் பணம் கட்டணும், ரெண்டு மாசத்துல மீட்டுடுறேன்" என்று சொல்லி வாங்கிப் போனது. மஞ்சள் கயிற்றைப் போட்டுக்கொண்டு இருந்தேன். இரண்டு வாரம் கழித்துத் தெலுக் இந்தானிலிருந்து வந்த உறவுக்காரர் சொல்லித்தான் தெரிந்தது, அங்கே ஒரு சின்னக் கோயிலில் இவர் இன்னொரு பெண்ணுக்குத் தாலி கட்டியிருக்கிறார். தேதியைக் கேட்டேன். அடகுச் சீட்டில் இருந்த தேதிக்கு மூன்று நாள் கழித்து. என் தாலிக்கொடி போன இடம் புரிந்தது.

பிறகு அவளை வீட்டுக்கே கூட்டிக்கொண்டு வந்தார். "அக்கா தங்கச்சி மாதிரி இருங்க" என்றார். பதினான்கு மாதம் ஒரே கூரைக்குள் இருந்தோம். ஒரே சமையல்கட்டு, இரண்டு அடுப்பு. "அவங்கள எப்படிம்மா கூப்பிடணும்?" என்று என் மகள் கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை.

அம்மா வீட்டுக்குப் போனேன். "உங்க தாத்தா காலத்துல இல்லாததா? அவன் உன்னை அடிக்கிறானா, பட்டினி போடுறானா? பொறுத்துக்கிட்டுப் போ" என்றார்கள். அம்மாவை நான் குறை சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். ஆனால் அன்று திரும்பிப் போகும் பஸ்ஸில் நான் அழுத அழுகை, இரண்டாவது தாலியைக் கேள்விப்பட்ட நாளில்கூட அழவில்லை.

2003-இல் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு, ஒரு பையில் துணியுடன் வெளியே வந்தேன். வீடு அவர் பெயரில். சேமிப்புப் புத்தகம் அவர் பெயரில். நான் எட்டு வருடம் பால் வெட்டிய காசும் அதில்தான். என் பெயரில் இருந்தது திருமணப் பதிவு ஒன்றுதான். அதையும் அவர் பெட்டியிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன்.

வெளியே வரும்போது என்ன வேண்டும்?

நான் செய்த தவற்றை நீங்கள் செய்ய வேண்டாம். அதனால் விவரமாகச் சொல்கிறேன்.

முதலில் தாள்கள். உங்கள் ஐசி, பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம், திருமணப் பத்திரம், பேங்க் புத்தகம், சம்பளச் சீட்டு, கிளினிக் அட்டை. அசல் எடுக்க முடியாவிட்டால் போட்டோ எடுத்து நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்து வையுங்கள். என்னைப்போல விட்டுவிட்டு வந்தாலும் பயப்பட வேண்டாம். பதிவு செய்த திருமணமாக இருந்தால் தேசியப் பதிவு இலாகாவில் நகல் எடுக்கலாம்.

இரண்டாவது, அடி உதை மிரட்டல் இருந்தால். குடும்ப வன்முறைச் சட்டம் 1994-இல் இயற்றப்பட்டது. 2017-இல் திருத்தியபோது அவசரப் பாதுகாப்பு ஆணை என்று ஒன்று சேர்த்தார்கள். சமூகநல இலாகா அதிகாரியே அதைக் கொடுக்கலாம், ஏழு நாள் செல்லும். அந்த ஏழு நாளுக்குள் போலீஸ் ரிப்போர்ட், நீதிமன்றம் என்று அடுத்த வேலையைப் பார்க்கலாம். "ரிஜிஸ்தர் செய்யாதவளுக்குச் சட்டம் இல்லை" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மதமோ வழக்கமோ ஏற்ற சடங்குப்படி தாலி கட்டியிருந்தால், பதிவு இல்லாவிட்டாலும் இந்தச் சட்டம் பாதுகாக்கும். தாலியன் காசே, அதாவது 15999 என்ற எண்ணுக்கு எந்த நேரமும் கூப்பிடலாம்.

மூன்றாவது, மணவிலக்கு. கணவன் வேறொருத்தியுடன் வாழ்வது, இரண்டு வருடம் கைவிட்டுப் போனது, சேர்ந்து வாழ முடியாதபடி நடந்துகொள்வது, இவையெல்லாம் சட்டம் பார்க்கிற காரணங்கள். பொதுவாக முதலில் பதிவு இலாகாவின் சமரசக் குழுவுக்குப் போக வேண்டும். அவர்களுக்கு ஆறு மாத அவகாசம் உண்டு. கணவன் வரவே இல்லை என்றால் வழக்கு அங்கேயே நின்றுவிடாது. என் வீட்டுக்காரரும் வரவில்லை. 2005-இல் எனக்கு மணவிலக்கு கிடைத்தது.

வக்கீலுக்குப் பணம் இல்லை என்று உட்கார்ந்துவிடாதீர்கள். அரசாங்கத்தின் சட்ட உதவி இலாகா ஈப்போவில் இருக்கிறது. பேராக் வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையமும் இருக்கிறது. வருமானத்தைக் காட்டினால் உதவுவார்கள்.

நான்காவது, சொத்தும் பராமரிப்பும். "நீ என்ன சம்பாதிச்சுக் கொட்டினே?" என்று கேட்பார்கள். கல்யாணத்துக்குப் பிறகு சேர்த்த சொத்தைப் பிரிக்கும்போது, வீட்டைப் பார்த்துக்கொண்டதும் பிள்ளை வளர்த்ததும் பங்களிப்பு என்று சட்டமே கணக்கில் எடுக்கிறது. பிள்ளைகளின் செலவு தகப்பனின் கடமை. கொடுக்காவிட்டால் சம்பளத்திலிருந்து நேரடியாகப் பிடித்துக் கொடுக்க நீதிமன்றம் உத்தரவு போட முடியும். அதற்கு 1968-லேயே சட்டம் இருக்கிறது. எனக்கு மாதாமாதம் பணம் வரத் தொடங்கியது அந்த உத்தரவுக்குப் பிறகுதான்.

"இரண்டாம் கல்யாணம் குற்றம் என்றால் ஏன் உள்ளே தள்ளவில்லை?" என்று என்னைக் கேட்கிறார்கள். சிறையில் இருப்பவர் பிள்ளைக்குச் செலவு கொடுக்க முடியாது. அது என் கணக்கு. உங்கள் கணக்கு வேறாக இருக்கலாம். அந்த உரிமை உங்களுக்கு இருக்கிறது என்பது தெரிந்தால் போதும்.

இன்னொன்று. கணவன் இன்னொரு கல்யாணத்தைப் பதியப் போகிறான் என்று முன்பே தெரிந்தால், பதிவு அதிகாரியிடம் கேவியட் என்ற ஆட்சேபனை மனு போடலாம். திருமண அறிவிப்பு கொடுத்து 21 நாள் கழித்துத்தான் அனுமதிப் பத்திரம் கொடுப்பார்கள். அந்த இடைவெளி இதற்குத்தான்.

அடுத்த அடுப்பில் சமைத்தவள்

இப்போது சொல்லப் போவது எனக்குச் சுலபமான விஷயம் இல்லை.

2008-இல் ஒரு மாலை என் வாடகை வீட்டுக் கதவைத் தட்டியது அவள். கையில் ஐந்து வயதுப் பையன். அவர் அவளையும் விட்டுப் போய்விட்டார். நான் கதவைச் சாத்தியிருப்பேன். பையன் "பெரியம்மா" என்றான். அவனுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்களோ தெரியாது.

அவள் கழுத்தில் அந்தத் தாலி கிடந்தது. அது எந்தக் காசில் வந்தது என்று நான் அன்று சொல்லவில்லை.

அவள் நிலைமையைக் கேட்ட பிறகுதான் புரிந்தது, எனக்குக் கிடைத்த எதுவும் அவளுக்குக் கிடைக்காது. அவள் மனைவியே இல்லை என்கிறது சட்டம். மணவிலக்கு கேட்க முடியாது, சொத்தில் மனைவியாகப் பங்கு கேட்க முடியாது, அவர் இறந்தால் சொக்சோவில் விதவை என்று போய் நிற்க முடியாது. இவருக்கு ஏற்கனவே மனைவி உண்டு என்பது அவளுக்குத் தாலி ஏறிய பிறகுதான் தெரியும். "கோயில்லதானே கட்டினாரு அக்கா, சாமி முன்னாலதானே கட்டினாரு" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

அதைவிடப் பெரிய இடி பையனுக்கு. பெற்றோர் திருமணம் சட்டப்படி செல்லாவிட்டால், குடியுரிமை விஷயத்தில் பிள்ளை தாயின் நிலையைத்தான் பின்பற்றும் என்கிறது நம் அரசியலமைப்பு. தகப்பன் நீல ஐசி வைத்திருந்தும் பயன் இல்லை. அவளோ லயத்து வீட்டில் மருத்துவச்சி கையில் பிறந்தவள். பிறப்பைப் பதியவில்லை, ஐசி இல்லை. அவள் பாட்டன் காலத்திலிருந்து இந்த மண்ணில் இருந்தும், அந்தப் பையன் நாடற்ற பிள்ளையாக நின்றான். நம் சமுதாயத்தில் ஐசி இல்லாத பிள்ளைகள் ஏன் இத்தனை பேர் என்று கேட்கிறோமே, பதியாத தாலியும் அதற்கு ஒரு காரணம் என்பதை நாம் வெளியில் சொல்வதில்லை.

மறுநாள் இரண்டு பேரும் ஒரே பஸ் ஏறிப் பதிவு இலாகாவுக்குப் போனோம். வரிசையில் நின்றவர்கள் அக்கா தங்கை என்று நினைத்திருப்பார்கள். அவர் சொன்னது அப்படித்தான் நடந்தது, அவர் நினைத்த மாதிரி இல்லை.

பல வருடம் அலைந்தோம். அவளுக்குத் தாமதப் பதிவு, பையனுக்கு அரசியலமைப்பின் 15A பிரிவில் விண்ணப்பம். அப்போது 21 வயதுக்குள் செய்ய வேண்டியதாக இருந்தது அது. பையனுக்கு நீல ஐசி வந்தபோது வயது 18. அதுவரை பள்ளியில் ஒவ்வொரு வருடமும் ஒரு போராட்டம்.

இந்த நிலைமையில் உள்ள தாய்மார்கள் இரண்டைத் தெரிந்துகொள்ளுங்கள். பதிவு இல்லாத உறவில் பிறந்த பிள்ளைக்கும் தகப்பனிடம் பராமரிப்புச் செலவு கேட்கலாம். 1950-ஆம் ஆண்டுச் சட்டத்தில் அதற்கு இடம் உண்டு. இன்னொன்று, செல்லாத திருமணமாக இருந்தாலும், அது செல்லும் என்று இருவரில் ஒருவராவது நியாயமாக நம்பியிருந்தால், பிள்ளையை முறையான பிள்ளையாகவே கருத 1976 சட்டத்தின் 75-வது பிரிவு வழி வைத்திருக்கிறது. உங்கள் விஷயத்துக்கு அது பொருந்துமா என்று சட்ட உதவி மையத்தில் கேளுங்கள்.

மதம் மாறிக் கட்டினால்?

இதையும் கேட்கிறீர்கள். மதம் அவரவர் மனசாட்சி. அதைப் பற்றி நான் பேசவில்லை. ஆனால் சிலர் இன்னொரு கல்யாணத்துக்காக மதம் மாறிவிட்டு, "இனி உனக்கும் எனக்கும் ஒன்றுமில்லை" என்கிறார்கள். அது சரியில்லை. சிவில் முறையில் பதிந்த திருமணம் நீதிமன்றம் ரத்து செய்யும்வரை நிற்கும். பராமரிப்பு, சொத்து, பிள்ளைகள் எல்லாம் சிவில் நீதிமன்றத்தில்தான். 2018 டிசம்பர் 15-இல் அமலுக்கு வந்த திருத்தத்தில் அதைத் தெளிவாக்கினார்கள். மணவிலக்குக்கு முன்பே அவர் இறந்துவிட்டால் மனைவி பிள்ளைகளுக்குச் சொத்தில் பங்கு உண்டு என்றும் சேர்த்தார்கள்.

நம் ஈப்போவைச் சேர்ந்த பாலர் பள்ளி ஆசிரியை இந்திரா காந்தியை நீங்கள் அறிவீர்கள். அவர் வழக்கு இரண்டாம் தாரம் பற்றியது இல்லை. 2009-இல் கணவர் மதம் மாறி, மூன்று பிள்ளைகளையும் தாய்க்குத் தெரியாமல் மாற்றி, பதினொரு மாதக் கைக்குழந்தையைத் தூக்கிப் போனார். அந்தத் தாய் கோர்ட்டு கோர்ட்டாக ஏறி, 2018 ஜனவரி 29-இல் கூட்டரசு நீதிமன்றத்தில் அந்த மதமாற்றம் செல்லாது என்று தீர்ப்பு வாங்கினார். தீர்ப்பு வந்தும் மகள் கைக்கு வரவில்லை. இருந்தும் அவர் ஓயவில்லை. ஈப்போவின் ஒரு சாதாரணத் தாய் போட்ட வழக்கு, நாட்டில் எல்லாத் தாய்மாருக்கும் சட்டமாக நின்றது. நம்மால் என்ன முடியும் என்று கேட்கும்போது அவரை நினைத்துக்கொள்ளுங்கள்.

அடுப்பு எரிய வேண்டுமே

சட்டம் வயிற்றை நிரப்பாது. வெளியே வந்த முதல் வருடம் லிட்டில் இந்தியாவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவினேன். பிறகு புந்தோங்கில் கச்சாங் பூத்தே பாக்கெட் போடும் வேலை. புந்தோங் கச்சாங் பூத்தே நாடு முழுக்கப் பேர் போனது என்பது உங்களுக்குத் தெரியும். அந்தப் பேருக்குப் பின்னால் எத்தனை பெண்களின் கை இருக்கிறது என்பதை நான் அங்கேதான் பார்த்தேன். மாவு பதம், எண்ணெய்ச் சூடு, எடை போடுவது, கடைக்காரரிடம் காசு வசூலிப்பது, எல்லாம் அங்கே கற்றது. மூன்று வருடம் கழித்து ஒரு சட்டி, ஓர் அடுப்புடன் சொந்தமாகத் தொடங்கினேன். இன்று மூன்று பெண்கள் என்னுடன் வேலை செய்கிறார்கள். பணக்காரி ஆகவில்லை. யாரிடமும் கேட்காமல் மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டினேன்.

வெளியே வருகிற தங்கைகளுக்குச் சொல்கிறேன். சம்பளம் கைக்காசாக வாங்குகிற இடத்தைவிட, இபிஎப்பும் சொக்சோவும் பிடிக்கிற இடத்தைத் தேடுங்கள். குறைந்தபட்சச் சம்பளம் 2025-இல் 1,700 வெள்ளி ஆனது. அதற்குக் குறைத்துக் கொடுத்தால் தொழிலாளர் இலாகாவில் புகார் செய்யலாம். சிறு தொழிலுக்கு நம் சமுதாயத்துக்கென்று தெக்குனில் ஸ்பூமி கடன் இருக்கிறது. வட்டிக்காரனிடம் போகாதீர்கள். இன்னும் வீட்டில் இருக்கிற சகோதரிகளே, சொக்சோவில் இல்லத்தரசிகளுக்கு 2022 டிசம்பரிலிருந்து ஒரு திட்டம் உண்டு, வருடத்துக்கு 120 வெள்ளி. பேங்கில் உங்கள் பெயரில் மட்டும் ஒரு கணக்கு, இன்றைக்கே திறந்துவிடுங்கள்.

அப்பா அம்மாக்களுக்கு ஒரு வார்த்தை

கடைசியாக, இங்கே உட்கார்ந்திருக்கிற பெற்றோர்களே. மகள் கல்யாணத்துக்கு மண்டபம் பார்க்கிறீர்கள், மேளம் பார்க்கிறீர்கள், ஐயர் பார்க்கிறீர்கள். பதிவு நடக்கிறதா என்றும் பாருங்கள். பல கோயில்களில் அதிகாரம் பெற்ற துணைப் பதிவதிகாரி உண்டு. இந்தக் கோயிலில் உண்டா என்று கேளுங்கள். மாப்பிள்ளைக்கு ஏற்கனவே கல்யாணம் ஆகியிருக்கிறதா என்று விசாரியுங்கள். "அப்புறம் பதிஞ்சுக்கலாம்" என்று மாப்பிள்ளை வீட்டார் சொன்னால், தாலியையும் அப்புறமே கட்டிக்கொள்ளலாம் என்று சொல்லுங்கள்.

அப்படியும் ஒரு நாள் உங்கள் மகள் பையோடு வந்து கதவைத் தட்டினால், "அடிச்சானா, பட்டினி போட்டானா?" என்று கேட்காதீர்கள். "சாப்பிட்டியாம்மா?" என்று கேளுங்கள். மற்றதைக் காலையில் பேசிக்கொள்ளலாம்.

என் அம்மா இப்போது என்னோடுதான் இருக்கிறார். வயது எண்பதைத் தொடப் போகிறது. அன்றைய பஸ்ஸைப் பற்றி நாங்கள் இருவரும் பேசியதே இல்லை. ஆனால் போன வருடம் பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி இராத்திரியில் பிள்ளையோடு வந்து நின்றபோது, எனக்கு முன்னால் எழுந்து போய்க் கதவைத் திறந்தவர் அவர்தான்.